களப்பின் நடுவே ஓடிய கோடு

புத்தளக் கரையின் நீதி வரலாறு – 7

ஒரு வழக்கில் நியாயம் யார் பக்கம் இருக்கிறது என்று ஆராய்வதற்கு முன், அந்த வழக்கைக் கேட்பதற்குத் தனக்கு அதிகாரம் உண்டா என்பதை ஒவ்வொரு நீதிமன்றமும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த அதிகாரத்தை இலங்கைச் சட்டத் தமிழ் நியாயாதிக்கம் என்று அழைக்கிறது. அது அறவே இல்லாத மன்று அளிக்கும் தீர்ப்பு, எத்துணை நேர்மையோடு எழுதப்பட்டிருந்தாலும் சட்டத்தின் முன் செல்லாது. வழக்காளிகள் இருவரும் மனமொத்துக் கேட்டுக்கொண்டாலும், சட்டம் தராத அதிகாரத்தை அவர்கள் அந்த மன்றுக்குத் தந்துவிட முடியாது. நியாயாதிக்கத்தை அளக்க வரலாற்றில் ஐந்து அளவுகோல்கள் பயன்பட்டு வந்துள்ளன: வழக்காடுபவர் யார், வழக்கு எந்த இடத்தைச் சேர்ந்தது, அதன் பெறுமதி எவ்வளவு, குற்றமாயின் அதன் கடுமை எத்தகையது, வழக்கின் விடயம் என்ன என்பன அவை. வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் தெற்கே மா ஓயாவுக்கும் இடையில் நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் இந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து படிந்தன. புதியது வந்தபோது பழையது முற்றாக நீங்கவில்லை என்பதே இக்கரையின் நீதி வரலாற்றைச் சிக்கலாக்கிய காரணம்.

நியாயாதிக்கம் பற்றிய கேள்வி உலகின் பல நாடுகளுக்கும் பொதுவானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி நீதிமன்றங்கள், அதாவது மாநிலங்களின் நீதிமன்றங்களுக்குப் புறம்பாக மத்திய அரசு அமைத்த நீதிமன்றங்கள், அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரையும் காங்கிரஸ் இயற்றும் சட்டங்களும் எண்ணிச் சொன்ன வகை வழக்குகளை மட்டுமே கேட்கலாம். வெவ்வேறு மாநிலத்தவர்களுக்கு இடையிலான வழக்கு கூட்டாட்சி மன்றுக்குப் போக வேண்டுமாயின் அதன் பெறுமதி 500 டொலரைத் தாண்ட வேண்டும் என்று 1789 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் விதித்தது. 1996 ஆம் ஆண்டின் சட்டம் அந்தத் தொகையை 75,000 டொலராக்கியது. இலங்கை கூட்டாட்சி நாடாக ஒருபோதும் இருந்ததில்லை. எனினும் மாகாண சபைகளுக்கு வழிவகுத்த 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின், மையத்தின் மன்று எது, மாகாணத்தின் மன்று எது என்ற அதே வினா ஒற்றையாட்சிக்குள்ளும் எழுந்தது. அதன் வேர்களை அறிய மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இரு கரையும் இரு அரசும்

1659 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667 முதல் அங்கு கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, புத்தளக் களப்பின் மேற்கிலுள்ள கற்பிட்டிக் குடாநாடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிக்குள் வந்தது. கிழக்கிலிருந்த புத்தளமோ கண்டி மன்னனின் துறையாகவே நீடித்தது. தோணியில் கடக்கக்கூடிய நீர்ப்பரப்பு ஒன்று இவ்வாறு இரண்டு நீதி முறைகளுக்கு இடையிலான எல்லையாயிற்று. மேற்கில் ஒல்லாந்த அதிகாரிகளின் ஆணை செல்லுபடியாக, கிழக்கில் மன்னனின் பிரதிநிதிகளும் உள்ளூர்த் தலைவர்களும் வழக்குத் தீர்த்தனர். வன்னியர் என்ற பட்டம் தாங்கிய முக்குவர் சமூகத் தலைவர்கள் கூடி வழக்குக் கேட்ட மன்று ஒன்று புத்தளத்தில் இருந்ததை, கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி பதிவுசெய்துள்ளார். அந்த மன்றின் அளவுகோல் ஆள்: வழக்காடுபவர் எந்தச் சமூகத்தவர் என்பதே அவரை எவர் விசாரிப்பார் என்பதைத் தீர்மானித்தது.

1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கண்டி மன்னன் தீவின் கரையோரப் பட்டையை ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தபோது களப்பின் இரு கரைகளும் ஓர் ஆட்சியின் கீழ் வந்தன. ஆயினும் ஒல்லாந்தரின் உயர் மன்றுகளான நீதிச் சபைகள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று நகரங்களில் மட்டுமே இருந்தன. உள்நாட்டவரின் காணித் தகராறுகளை லாந்திராத் எனப்பட்ட நாட்டுச் சபைகள் கேட்டன. அவற்றில் ஒல்லாந்த அதிகாரிகளோடு உள்ளூர் வழக்கம் அறிந்த தலைமைக்காரர்களும் அமர்ந்தனர். பெரிய வழக்குக்குத் தொலைநகரம், சிறிய வழக்குக்கு அருகிலுள்ள சபை என்ற இந்த இரட்டை ஏற்பாட்டைப் பின்வந்த ஆட்சிகளும் கைவிடவில்லை.

1801: கொழும்புக்கு ஒரு நீதி, வெளியூருக்கு ஒரு நீதி

1795 ஆம் ஆண்டு கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களே தொடரும் என்று 1799 ஆம் ஆண்டுப் பிரகடனம் அறிவித்தமையால் சட்டம் பெரிதும் மாறவில்லை. அதை நடைமுறைப்படுத்தும் மன்றுகளே மாறின. 1801 ஆம் ஆண்டு அரச சாசனம், அதாவது பிரித்தானிய முடி நேரடியாக வழங்கிய நீதி அமைப்பு ஆவணம், கொழும்பில் உயர் நீதிமன்றத்தை நிறுவியது. கொட்றிங்டன் எட்மண்ட் கரிங்டன் அதன் முதலாவது பிரதம நீதியரசரானார். அந்த மன்றின் குடியியல் அதிகாரம் கொழும்புக் கோட்டை, நகரம், அதைச் சூழ்ந்த மாவட்டம் ஆகியவற்றில் வாழ்ந்தோர் மீது முழுமையாகவும், அவற்றுக்கு வெளியே ஐரோப்பியர் மீதும் செல்லுபடியானது. கற்பிட்டியில் வாழ்ந்த ஓர் ஐரோப்பிய வணிகர் அதன் வரம்புக்குள் அடங்க, அவருடைய அயலவரான தமிழரோ சோனகரோ பரதவரோ அந்த வரம்புக்கு வெளியே நின்றனர். அவர்களுடைய வழக்குகளை மாகாண மன்றுகள் கேட்டன; அவற்றிலிருந்து எழுந்த மேன்முறையீடு, ஆளுநரும் அமர்ந்திருந்த வேறொரு மன்றுக்குச் சென்றது. வழக்கைத் தீர்ப்பவரும் நாட்டை ஆள்பவரும் ஒருவரே என்ற நிலை கரையோர மக்களைப் பொறுத்தவரை அப்போதும் நீடித்தது என்பதே இதன் பொருள்.

1815 ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் வீழ்ந்த பின் நிலைமை மேலும் பிரிந்தது. கண்டி மாகாணங்களுக்கென ஆணையாளர்களைக் கொண்ட தனி நீதி அமைப்பு இயங்கியது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் அங்கு செல்லவில்லை. புத்தளத்தின் கரையிலிருந்து உட்புறமாகச் சில மணிநேரம் நடந்து சென்றால் வேறு சட்டமும் வேறு மன்றும் உள்ள நாட்டுக்குள் நுழைய நேர்ந்தது. களப்பின் நடுவே ஓடிய பழைய கோடு, இப்போது காட்டின் நடுவே ஓடியது.

1833: ஒரே மன்று, பல எல்லைகள்

சார்ல்ஸ் ஹே கமரனின் நீதித்துறை அறிக்கையை அடியொற்றி 1833 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட சாசனம் அந்தக் கோட்டை அழித்தது. தீவு முழுவதுக்கும் ஒரே உயர் நீதிமன்றம், அதன் கீழ் மாவட்ட நீதிமன்றங்கள் என்ற அமைப்பு உருவானது. உயர் நீதிமன்ற நீதியரசர்கள் குறித்த காலங்களில் மாகாணங்களுக்குச் சுற்றுப் பயணமாகச் சென்று பாரதூரமான குற்ற வழக்குகளை விசாரித்தனர். ஐரோப்பியர், சுதேசிகள் என்ற பாகுபாட்டின்படி மன்றைப் பிரிக்கும் முறை இத்துடன் ஒழிந்தது. இதன் சிற்பி கமரன், ஆங்கிலச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமின் கருத்துகளில் ஊறியவர். சட்டம் ஒன்றாகவும் மன்று அருகிலும் இருக்க வேண்டும் என்பது அக்கருத்துகளின் சாரம்.

ஆள் என்ற அளவுகோல் பின்வாங்கிய இடத்தைக் கடுமை என்ற அளவுகோல் பிடித்தது. மாவட்ட நீதிமன்றம் குடியியல் வழக்குகளைத் தொகை வரம்பின்றிக் கேட்கலாம். குற்ற வழக்குகளிலோ மரணம், நாடுகடத்தல் ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களையும், பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட சிறை, நூறு அடிக்கு மேற்பட்ட கசையடி, பத்துப் பவுணுக்கு மேற்பட்ட தண்டம் ஆகியவற்றுக்குரிய குற்றங்களையும் அது தொடக்கூடாது. தண்டனையின் அளவைக் கொண்டு மன்றின் எல்லையை வரையும் இம்முறை, நீதவான் நீதிமன்றத்துக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் இடையே இன்றும் நிலைத்திருக்கிறது.

இக்கரை 1845 ஆம் ஆண்டில் சிறிது காலத்துக்கு முதன்மை பெற்றது. புதிதாக அமைந்த வடமேல் மாகாணத்துக்குப் புத்தளமே தலைநகராயிற்று. 1856 ஆம் ஆண்டில் அந்தச் சிறப்பு குருநாகலுக்குச் சென்றது. 1834 ஆம் ஆண்டிலேயே இலங்கை இடவிளக்க அகராதியை வெளியிட்ட காசிச்செட்டி, சட்டசபையில் 1838 முதல் 1845 வரை உறுப்பினராக இருந்து, பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். உள்ளூர்த் தலைவர்களின் மன்றைப் பற்றி வரலாறாக எழுதியவரே, 1833 ஆம் ஆண்டுச் சாசனம் உருவாக்கிய ஆசனத்தில் அமர்ந்தார் என்பது இக்கரையின் நீதி எந்த வேகத்தில் மாறியது என்பதைக் காட்டும்.

ரூபா அளந்த நீதி

மாவட்ட நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபோது பெறுமதி என்ற அளவுகோல் முன்னுக்கு வந்தது. 1843 ஆம் ஆண்டில் சிறு குற்றங்களுக்குப் பொலிஸ் நீதிமன்றமும், சிறு கடன்களுக்குக் கோர்ட் ஒஃப் ரிக்குவெஸ்ட்ஸ் எனப்பட்ட சிறு வழக்கு மன்றும் தோன்றின. 1889 ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இச்சிறு வழக்கு மன்றின் எல்லையை 300 ரூபா என்று நிறுத்தின. ஒரு தென்னந்தோட்டத்தின் பங்கு 300 ரூபாவுக்குள் அடங்குமாயின் அதன் உரித்துத் தகராறு ஒரு மன்றிலும், அதைத் தாண்டுமாயின் மற்றொரு மன்றிலும் தீர்க்கப்பட்டது. ஆகவே காணியின் பெறுமதியை எவ்வளவு என்று குறிப்பிடுவது என்பதே வழக்கின் முதற் சண்டையாயிற்று.

இவற்றுக்கும் கீழே, 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராம மன்றுகளுக்குப் புத்துயிர் அளித்தது. சிங்களத்தில் கன்சபாவ என்று வழங்கிய இம்மன்றுகளில் வழக்கறிஞர்கள் தோன்ற முடியாது. சிறு தொகைக்குரிய பிணக்குகளையும் வேலி, கால்நடை போன்றவற்றைப் பற்றிய முறைப்பாடுகளையும் தலைவர் நேரிற் கேட்டுத் தீர்த்தார். உச்சியிலோ, இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை 1833 ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 500 பவுண் பெறுமதிக்கு மேற்பட்ட வழக்குகளுக்கே கிடைத்தது. 1909 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதை 5,000 ரூபாவாக்கியது. ஓர் ஏழை மீனவனின் வழக்கு கடல் கடந்து சென்றதாக எண்ணிப்பார்க்கவே இடமில்லாத அளவுக்கு அது பெரிய தொகை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடுகள் 1971 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தன. 1974 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நீதி நிர்வாகச் சட்டம் சிறு வழக்கு மன்றுகளையும் அகற்றியது.

ஆயினும் பெறுமதி என்ற எண்ணம் அழியவில்லை. 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் உருவாக்கிய ஆரம்ப நீதிமன்றத்தின் குடியியல் எல்லை 1,500 ரூபாவாக இருந்தது. 1988 ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைகள் சட்டம், 25,000 ரூபாவுக்கு மேற்படாத பிணக்குகள் பலவற்றை முதலில் மத்தியஸ்த சபையில் வைத்து, அங்கு தீராதபோது சபையின் சான்றிதழோடு மட்டுமே நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று விதித்தது. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது.

ஆள் என்ற அளவுகோல் மீண்டும்

1833 ஆம் ஆண்டில் முன்கதவால் வெளியேறிய ஆள் என்ற அளவுகோல், குடும்பச் சட்டத்தின் பக்கக்கதவால் திரும்பி வந்தது. முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் புத்தளக் கரைக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1806 ஆம் ஆண்டு முகம்மதியச் சட்டக்கோவை அவர்களுடைய திருமணத்தையும் வாரிசுரிமையையும் எழுத்தில் கொண்டுவந்தது. 1929 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1937 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டளைச் சட்டம் காதி நீதிமன்றங்களை அமைத்தது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவற்றை இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தது. முஸ்லிம் தம்பதியரின் விவாகரத்து, மஹர் எனும் மணக்கொடை, தாபரிப்பு போன்ற விடயங்களில் காதியின் நியாயாதிக்கம் பிரத்தியேகமானது, அதாவது அவற்றை மாவட்ட நீதிமன்றம் முதலில் கேட்க முடியாது. பழைய கிராம மன்றைப் போலவே இங்கும் வழக்கறிஞர்கள் தோன்ற இடமில்லை. காதியின் முடிவை எதிர்ப்பவர் காதிமார் சபைக்கும், அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம். வழக்கறிஞர் செலவின்றி அருகிலேயே நீதி கிடைக்கும் என்ற நோக்கம் ஒருபுறமும், தம் கட்சியை எடுத்துரைக்கத் துணையின்றிப் பெண்கள் தனித்து நிற்க நேர்கிறது என்ற குறை மறுபுறமுமாக, இம்மன்றைப் பற்றிய விவாதம் நீண்டுகொண்டிருக்கிறது.

காணி இருக்கும் ஊரும் ஆள் இருக்கும் ஊரும்

இடம் என்ற அளவுகோலின் கடுமையை இக்கரை உணர்ந்தது 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னரே. 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஒன்பதாம் பிரிவு, எதிராளி வசிக்கும் இடம், வழக்குக் காரணம் தோன்றிய இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம், வழக்குக்குரிய காணி அமைந்துள்ள இடம் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு மன்றைத் தீர்மானிக்கிறது. அமைதிக் காலத்தில் இது இயல்பான விதி. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இடம்பெயர்ந்தோரில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் தங்கினர். அவர்கள் வாழ்ந்தது புத்தளத்தில். அவர்களின் காணிகள் இருந்தது மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும். அவற்றுக்கான வழக்கு அங்குள்ள மன்றுகளுக்குரியது. அங்கு செல்லும் பாதையோ போரினால் மூடப்பட்டிருந்தது.

இதனோடு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சேர்ந்துகொண்டது. பிறர் காணியைத் தடையின்றி, உரிமையாளருக்கு எதிரான முறையில், பத்து ஆண்டு கைக்கொண்டிருந்தவர் அதன் உரித்தை நிலைநாட்டலாம் என்பது அதன் மூன்றாம் பிரிவு. வழக்காட இயலாமல் புத்தளத்தில் கழிந்த ஒவ்வோர் ஆண்டும், காணியில் குடியிருந்த வேறொருவருக்குச் சாதகமான ஆண்டாக எண்ணப்பட்டது. இந்த அநீதியை நாடாளுமன்றம் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் மூலம் ஓரளவு சீர்செய்தது: ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் நீதிமன்றை நாட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கிலெடுக்கப்படமாட்டாது. போர் முடிந்து ஏழு ஆண்டுகளின் பின்னரே இந்த நிவாரணம் வந்தது.

1987: விடயம் என்ற அளவுகோல்

பதின்மூன்றாம் திருத்தம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மேல் நீதிமன்றத்தை உருவாக்கியது. 1990 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அதன் நடவடிக்கைகளை விரித்துரைத்தது. புத்தளத்திலும் சிலாபத்திலும் இன்று மேல் நீதிமன்றங்கள் அமர்கின்றன. இவற்றுக்கு எழுத்தாணை வழங்கும் அதிகாரமும் தரப்பட்டது. அரச அதிகாரியின் சட்டமுரணான முடிவை நீக்கவோ, அவர் செய்யத் தவறிய கடமையைச் செய்விக்கவோ நீதிமன்றம் விடுக்கும் கட்டளையே எழுத்தாணை. அதற்கு முன் இத்தகைய நிவாரணத்தை நாடுபவர் 140 ஆம் உறுப்புரையின்படி கொழும்பு, அளுத்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது.

ஆனால் 154P உறுப்புரையின் நான்காம் பந்தி இந்த அதிகாரத்துக்கு ஓர் எல்லை வகுத்தது: மாகாண சபை நிரலில் உள்ள விடயங்கள் தொடர்பான அதிகாரத்தைப் பிரயோகிப்பவருக்கு எதிராக மட்டுமே மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை விடுக்கலாம். மையத்துக்கென வைத்த ஒதுக்கிய நிரலும், மையமும் மாகாணமும் பகிரும் ஒருங்கிய நிரலும் அதற்கு வெளியே நின்றன. கரையோரத்துக்கு இதன் விளைவு பெரிது. ஏனெனில் ஆள்புல நீரெல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடி ஒதுக்கிய நிரலிலும், ஏனைய மீன்பிடி ஒருங்கிய நிரலிலும் உள்ளன. மீன்பிடி அனுமதிப்பத்திரம் பற்றிய முடிவை எதிர்க்க விரும்பும் கற்பிட்டிக்காரர், தன் ஊருக்கு அருகில் மேல் நீதிமன்றம் இருந்தும் அளுத்கடைக்கே போக வேண்டும்.

காணியின் நிலையும் அத்தகையதே. சோலைமுத்து இராசு வழக்கில் உயர் நீதிமன்றம் 2013 செப்ரெம்பர் 26 அன்று வழங்கிய தீர்ப்பு, அரச காணியிலிருந்து வெளியேறுமாறு விடுத்த அறிவித்தலை நீக்கும் எழுத்தாணை மாகாண மேல் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளது என்று முடிவுசெய்தது. அரச காணி குடியரசைச் சார்ந்தது, மாகாண சபைக்கு மையம் கையளித்த காணியின் மீதே மாகாண அதிகாரம் செல்லும் என்பது அதன் அடிப்படை. வழக்கு மலையகத் தோட்டம் ஒன்றில் எழுந்ததாயினும், அரச காணியை நம்பி வாழும் புத்தளக் கரைக்கும் அத்தீர்ப்பு சமமாகப் பொருந்துகிறது.

இதற்கு மாறான ஒரு சிறப்பும் இம்மாகாணத்துக்கு உண்டு. வடமேல் மாகாண சபை 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டத்தை இயற்றித் தனக்கெனச் சுற்றாடல் அதிகாரசபை ஒன்றை அமைத்துக்கொண்டது; நாட்டின் பிற பகுதிகளில் இப்பணியைத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழான மத்திய அதிகாரசபை ஆற்றுகிறது. இதனால் புத்தளம் மாவட்டத்தின் முந்தல் பக்கத்தில் அமையும் ஓர் இறால் பண்ணையைச் சுற்றி மூன்று எல்லைகள் சூழ்கின்றன. அதன் சுற்றாடல் அனுமதி மாகாணத்துக்குரியது. உயிரின வளர்ப்பு உரிமம் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த தேசிய அதிகாரசபைக்குரியது. உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்நோக்கியும், தாழ்நீர் மட்டத்திலிருந்து 2 கிலோமீற்றர் கடல்நோக்கியும் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த கரையோர வலயத்துக்குள் அப்பண்ணை விழுமாயின், அதற்கான அனுமதி மையத்தின் திணைக்களத்துக்குரியது. ஒரே குளத்தின் கழிவுநீரால் பாதிக்கப்பட்ட அயலவர் எந்த அதிகாரியின் முடிவை எதிர்க்கிறார் என்பதைப் பொறுத்து, அவருடைய வழக்கு சிலாபத்திலோ அளுத்கடையிலோ தொடங்கும்.

அடிப்படை உரிமை மீறலுக்கான விண்ணப்பமோ 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே செல்லும். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அது தாக்கலாக வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டவருக்கு, விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கிச் சலுகை தருகிறது.

எல்லையைக் கவனிப்பவரின் கடமை

நியாயாதிக்கம் இல்லை என்ற ஆட்சேபத்தை எப்போது எழுப்பலாம் என்பதையும் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஒரு மன்று அத்தகைய வழக்கை ஒருபோதும் கேட்கவே முடியாத நிலையில், குறைபாடு வெளிப்படையானது. அதை எப்போதும் எழுப்பலாம். இடம் போன்ற ஒரு நிபந்தனை மட்டும் தவறியிருந்தால் குறைபாடு மறைவானது. நீதித்துறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவின்படி, ஆட்சேபமின்றி விடை அளித்து வழக்கை நடத்திய தரப்பு பின்னர் அதைக் கிளப்ப முடியாது. முதல் நாளில் சொல்லாத ஆட்சேபம் கடைசி நாளில் பயன்படாது என்பதே இதன் சுருக்கம்.

ஆள், இடம், பெறுமதி, கடுமை, விடயம் என்ற ஐந்து அளவுகோல்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு இக்கரைக்கு வந்தன. மன்று அருகில் இருக்க வேண்டும் என்று கருதியவர்கள் இருந்தும், அளவுகோல் எதுவும் இம்மக்களின் பயண தூரத்தைக் கொண்டு வகுக்கப்படவில்லை. அருகில் தீர்க்கும் மன்றை அமைப்பதும், அதன் அதிகாரத்தைக் குறுக்கிப் பெரிய கேள்விகளைத் தலைநகரில் வைத்துக்கொள்வதும் ஒல்லாந்தர் காலம் முதல் 1987 ஆம் ஆண்டு வரை மாறாத போக்கு. புத்தளத்திலிருந்து அளுத்கடைக்கு வீதி வழியே சுமார் 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து அதனிலும் கூடுதல். 126 ஆம் உறுப்புரை விதிக்கும் ஒரு மாதம் இரண்டு இடத்தாருக்கும் ஒன்றே.